ஜீப் அஞ்சு மணிக்கு, மாத்திரை எத்தனை மணிக்கு?

"காலை உணவுக்கு முன் ஒன்று" என்று சீட்டில் எழுதுகிற டாக்டரின் மனசில் இருக்கிற ஆள் யாராக இருக்கும் என்று எனக்கு அடிக்கடி தோன்றும். ஏழு மணிக்கு எழுந்து, பேப்பர் படித்து, எட்டரைக்கு இட்லி சாப்பிடுகிற ஒருத்தர். அப்படிப்பட்டவர்கள் எங்கள் தேனி மாவட்டத்துக் கம்பத்திலும் இருக்கிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நான் மருந்தாளுநராக நிற்கிற மெடிக்கலுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் மலைக்கு வேலைக்குப் போகிறவர்கள். விடியுமுன்பே தெருமுனையில் ஜீப் வந்து ஆரன் அடிக்கும். லோயர் கேம்ப் வழியாகக் குமுளிக்கோ, கம்பம்மெட்டு ஏறி நெடுங்கண்டம் பக்கமோ, எங்கே ஏலத்தோட்டத்தில் அன்றைக்கு வேலை இருக்கிறதோ அங்கே போவார்கள். போடிக்காரர்களுக்குப் போடிமெட்டு. இங்கே கிடைப்பதைவிடக் கேரளாவில் கூலி கூடுதல், அதனால் முட்டிவலி, சுகர், பிரஷர் எல்லாவற்றையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டே ஜீப்பில் ஏறுகிறார்கள். இவர்களுக்குக் "காலை உணவு" என்பது எது? கிளம்பும்போது குடிக்கிற வரக்காப்பியா, தோட்டத்தில் பத்து மணிக்குத் தூக்குவாளியைத் திறக்கிற நேரமா? இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் கொடுக்கிற ஆலோசனை மலை ஏறுவதில்லை. கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று நான் பார்த்தது இதைத்தான்.

நம்ம ஜனங்கள் சொன்னால் கேட்க மாட்டார்கள், படிப்பு இல்லை, அலட்சியம் என்று பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். உலக சுகாதார நிறுவனம் 2003-ல் இதைப் பற்றி ஒரு பெரிய அறிக்கையே போட்டது. வளர்ந்த நாடுகளிலேயே நாள்பட்ட நோய்க்காரர்களில் சராசரியாகப் பாதிப் பேர்தான் சொன்னபடி மருந்து எடுக்கிறார்களாம், ஏழை நாடுகளில் அதைவிட மோசம். படித்த, பணமுள்ள, காரில் ஆஸ்பத்திரிக்குப் போகிற ஜனங்களுக்கே அந்த லட்சணம் என்றால், ஜீப்பில் நெருக்கியடித்துப் போகிற ஒரு அக்கா வாரத்துக்கு நாலு நாள் ஒழுங்காக மாத்திரை போடுவதைப் பாராட்டத்தான் வேண்டும். இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிப் பேருக்கு மேல் என்று 2023-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு சொன்னது. இத்தனை பேருக்கும் மாத்திரை எழுதிக் கொடுப்பது சுலபம். அது வயிற்றுக்குள் போனதா என்பது வேறு கணக்கு.

முதலில் கேட்கிற விதத்தைச் சொல்லிவிடுகிறேன். "மாத்திரை கரெக்ட்டா சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால் உலகத்தில் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். "போட்டுட்டுத்தான்த்தா இருக்கேன்" என்று பதில் வரும், ஆனால் அவர் கடைசியாக அட்டை வாங்கிய தேதி என் கம்ப்யூட்டரில் வேறு கதை சொல்லும். டாக்டரிடமும் இதே பொய்தான் போகிறது. டாக்டர் அதை நம்பி, மருந்து போதவில்லை போல என்று அளவைக் கூட்டுகிறார். கூட்டின அளவை ஒரு நாள் நிஜமாகவே முழுசாகப் போட்டுவிட்டால் சுகர் தடாலென்று இறங்கும். அதனால் நான் இப்படித்தான் கேட்பேன்: "மலைக்குப் போற அவசரத்துல விட்டுப் போறது சகஜந்தான், போன வாரத்துல எத்தனை நாள் விட்டுப் போச்சு மதினி?" விட்டுப்போகும் என்பதை நானே முதலில் சொல்லிவிடுவதால் அவர்களுக்குக் கூச்சம் போய்விடுகிறது. மூணு நாள், நாலு நாள் என்று நிஜம் வெளியே வரும். எதனால் என்று அடுத்த கேள்வி. அதற்குக் கிடைக்கிற பதில்கள் எந்த மருத்துவப் புத்தகத்திலும் இருக்காது.

சுகருக்குக் கொடுக்கிற கிளிமிபிரைடு மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். கணையத்தைப் பிழிந்து இன்சுலினைச் சுரக்க வைக்கிற மருந்து அது. நாளின் முதல் பெரிய சாப்பாட்டோடு, அல்லது அதற்குச் சற்று முன்னால் போடவேண்டும். சீட்டில் "காலை" என்று இருப்பதால் நம்ம ஆள் நாலரை மணிக்கு வரக்காப்பியோடு போட்டுவிடுகிறார். சாப்பாடு பத்து மணிக்கு. நடுவில் ஒன்றரை மணி நேரம் மலைப்பாதையில் குலுங்கி, சரிவில் ஏறி, குனிந்து ஏலக்காய் எடுக்க ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் சுகர் அளவுக்கு மீறி இறங்கி, அதாவது தாழ்சர்க்கரை வந்து, கை நடுங்கும், வேர்க்கும், கண் இருட்டும். கூட இருப்பவர்கள் பித்தம் என்பார்கள், சிலர் காத்து கருப்பு என்பார்கள். ஒருமுறை அப்படி ஆகிவிட்டால் அந்த மாத்திரையை ஜென்மத்துக்கும் தொட மாட்டார்கள், "அந்த மாத்திரை எனக்குச் சேரலத்தா" என்று முடிவு கட்டிவிடுவார்கள். அவர்கள் பார்வையில் அது நூற்றுக்கு நூறு நியாயமான முடிவு. மாத்திரை போட்டேன், மயக்கம் வந்தது, விட்டேன், மயக்கம் இல்லை. இதில் அறியாமை எங்கே இருக்கிறது?

மாற்ற வேண்டியது அந்த நேரத்தைத்தான். இந்த மாதிரிக் கேஸ்களில் நான் சீட்டின் பின்பக்கத்தில் "ஜீப் 5 மணி, முதல் சாப்பாடு 10 மணி" என்று எழுதி டாக்டரிடம் காட்டச் சொல்லி அனுப்புவேன். அதைப் பார்த்த டாக்டர்களில் முகம் சுளித்தவர்களும் உண்டு, ஆனால் பெரும்பாலும் "சரி, பத்து மணிச் சாப்பாட்டோடு போடு" என்று மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். சிலருக்கு மருந்தையே தாழ்சர்க்கரை வராத வகைக்கு மாற்றியதும் உண்டு. மாத்திரை அப்புறம் தூக்குவாளிப் பைக்குள் போய்விடுகிறது. சோத்தைத் திறக்கிறபோது கண்ணில் பட்டுவிடும், அதற்கு மேல் ஞாபகப்படுத்த அலாரம் எதுவும் வேண்டாம். அதோடு கொஞ்சம் சர்க்கரைப் பொட்டலமும் மடியில் இருக்கவேண்டும். நடுக்கம் வந்தால் மூணு டீஸ்பூன் சர்க்கரை, தண்ணீரில் கலந்தோ அப்படியே வாயில் போட்டோ, கால் மணி நேரம் உட்கார்ந்து பார்ப்பது, சரியாகவில்லை என்றால் இன்னொரு முறை, அப்புறம் சோறு. கடலை மிட்டாய் வைத்திருக்கிறேன் என்பார்கள். கடலையில் இருக்கிற எண்ணெய் சர்க்கரை ரத்தத்தில் ஏறுவதைத் தாமதப்படுத்தும், அந்த நேரத்துக்கு வெறும் சர்க்கரைதான் சரி. நினைவு தப்பிக் கிடப்பவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும், தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

பெண்களுக்கு இதைவிடப் பெரிய பிரச்சனை ஒன்று இருக்கிறது, அதை யாரும் டாக்டரிடம் சொல்வதில்லை, ஆண் டாக்டர் என்றால் சொல்லவே மாட்டார்கள். நீர் பிரிக்கிற மாத்திரை. பிரஷருக்கோ, இதயம் பலவீனமாகி காலில் நீர் கோத்துக்கொண்டதற்கோ கொடுப்பார்கள். காலையில் போட்டால் அடுத்த சில மணி நேரத்துக்கு ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். ஜீப்பில் பதினைந்து பேரோடு உட்கார்ந்துகொண்டு எங்கே ஓடுவது? தோட்டத்தில் கக்கூஸ் கிடையாது, செடி மறைவுதான், அங்கேயும் ரத்தம் குடிக்கிற அட்டைப்பூச்சி. அதனால் மாத்திரையை விடுகிறார்கள், அல்லது மாத்திரை போட்ட அன்றைக்குத் தண்ணீரே குடிப்பதில்லை. இரண்டுமே ஆபத்து. ஃபுரோசமைடு மாதிரி வேகமாக வேலை செய்கிற மாத்திரையின் வேகம் ஏறக்குறைய ஆறு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அப்படியானால் வேலை முடிந்து வீடு திரும்பியதும், தூக்கம் கெடாதபடி சாயங்காலத்திலேயே போட்டுக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் கேட்கலாம் அல்லவா? கேட்டவர்களுக்குப் பல சமயம் சரி என்ற பதில்தான் கிடைத்திருக்கிறது. கேட்கலாம் என்பதே தெரியாமல் வருஷக்கணக்கில் மாத்திரையை மாடக்குழியில் சேர்த்து வைத்திருந்தவர்கள் இருக்கிறார்கள்.

சரி, கிட்னி விஷயத்துக்கு வருகிறேன். இது என் வயிற்றெரிச்சல்.

"சுகர் மாத்திரை தொடர்ந்து போட்டா கிட்னி போயிருமாமே?" இந்தக் கேள்வி வராத நாள் கிடையாது. ஏற்கெனவே கிட்னி கெட்டுப்போன ஒரு சொந்தக்காரர் இருப்பார், அவர் சுகர் மாத்திரை சாப்பிட்டவராக இருப்பார், முடிச்சுப் போட்டாயிற்று. கட்டுப்படாத சுகரும் பிரஷரும்தான் கிட்னியைத் தின்கிறது, மாத்திரை அதைக் காப்பாற்றத்தான் கொடுக்கப்படுகிறது என்று எத்தனை முறை சொன்னாலும் பாதிதான் உள்ளே போகும். ஆனால் அதே ஆள், அதே மூச்சில், "உடம்பு வலிக்கு ஒரு செட்டு குடு" என்பார். டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபன், ஏதோ ஒன்று. மலைச்சரிவில் நாள் முழுக்கக் குனிந்து நிமிர்கிற உடம்பு வலிக்காமல் என்ன செய்யும், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் தினமும் விழுங்குகிற அந்த வலி மாத்திரைதான் நிஜமாகவே கிட்னிக்கு ஆகாதது, பிரஷரையும் ஏற்றும், எனலாப்ரில் மாதிரி பிரஷர் மாத்திரையின் வேலையையும் மட்டுப்படுத்தும். எனலாப்ரில், நீர் மாத்திரை, வலி மாத்திரை மூணும் ஒரே ஆளுக்குள் சேர்ந்தால், அதிலும் தண்ணீர் குடிக்காமல் வெயிலில் வேலை பார்க்கிற உடம்பில் சேர்ந்தால், கிட்னி திடீரென்று படுத்துவிடுகிற வாய்ப்பு உண்டு. பயப்பட வேண்டியதைப் பயமில்லாமல் வாங்குகிறார்கள், பயப்பட வேண்டாததைக் கண்டு பயந்து நிறுத்துகிறார்கள். ரெண்டுமே ஒரே கடையில், ஒரே கவுண்டரில். சீட்டு இல்லாமல் வலி மாத்திரை கிள்ளிக் கொடுக்கிற கடைகள் இருக்கிற வரைக்கும் இந்தப் பேச்சுக்கு ஒரு மரியாதையும் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். நான் பாரசிட்டமால் கொடுத்துப் பார்ப்பேன், தைலம் கொடுப்பேன், "ஒனக்கு ஏவாரம் பாக்கத் தெரியல" என்று சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போவார்கள்.

பிரஷரில் இன்னொரு தொல்லை, அது வலிக்காது. தலை சுற்றினால்தான் பிரஷர் என்று நினைத்து, சுற்றுகிற அன்றைக்கு மட்டும் ஒரு மாத்திரை போடுகிறவர்கள் ஏராளம். அட்டெனலால் மாதிரி மாத்திரையை இப்படித் தன்னிஷ்டத்துக்குத் திடீரென்று நிறுத்தினால் படபடப்பும் நெஞ்சுவலியும்கூட வரலாம். அம்லோடிபின் போட்டு கணுக்கால் வீங்கினால் கிட்னி போய்விட்டது என்று பயந்து நிறுத்துகிறார்கள். அது அந்த மருந்துக்குத் தெரிந்த பக்கவிளைவு, டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார், மாற்றுவார். எனலாப்ரில் போட்டு வறட்டு இருமல் வந்தால் மலைக்குளிர் என்று நினைத்து இருமல் மருந்தாக வாங்கிக் குடிக்கிறார்கள், இருமலும் நிற்காது, காசும் போகும். மாத்திரையை முதன்முதலாகக் கையில் கொடுக்கும்போதே "இருமல் வந்தா இதனாலயும் இருக்கலாம், நிறுத்தாதீங்க, டாக்டர்ட்டப் போய்ச் சொல்லுங்க" என்று அரை நிமிஷம் சொல்லியிருந்தால் போதும். அந்த அரை நிமிஷம் ஆஸ்பத்திரியில் யாருக்கும் இருப்பதில்லை. வெளியே நூறு பேர் வரிசையில் நிற்கும்போது டாக்டரைத் திட்டியும் பிரயோஜனம் இல்லை.

சிரிப்பு வருகிற ஒன்றும் உண்டு. சுகருக்குப் போடுகிற மெட்ஃபார்மின் எஸ்.ஆர். மாத்திரை, மெதுவாகக் கரைகிற வகை. சில கம்பெனி மாத்திரைகளில் மருந்து கரைந்து உடம்பில் சேர்ந்த பிறகும் மேலிருக்கிற கூடு மட்டும் கரையாமல் மலத்தில் வெளியே வந்துவிடும். அதைப் பார்த்த ஒரு பெரியவர் கடைக்கு வந்து "ஏம்மா, டூப்ளிகேட் மாத்திரையா குடுக்குறீங்க, போட்ட மாதிரியே வெளிய வருது" என்று சத்தம் போட்டார். நல்ல வேளை அவர் சத்தம் போட்டார். சத்தம் போடாமல் நிறுத்திக்கொள்கிறவர்கள்தான் அதிகம். இன்னும் சிலர் கரையட்டுமே என்று இடித்துப் பொடியாக்கிப் போடுகிறார்கள், அதுதான் தப்பு, நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்க வேண்டியது ஒரேயடியாக இறங்கும்.

எல்லை ஊர் என்பதால் எங்களுக்கென்றே ஒரு தலைவலி இருக்கிறது. மலையில் தலை சுற்றி விழுந்தால் பக்கத்தில் இருக்கிற கேரள ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிப் போவார்கள், வண்டிப்பெரியாறோ கட்டப்பனையோ நெடுங்கண்டமோ. அங்கே நன்றாகவே பார்க்கிறார்கள், அதைச் சொல்லியாக வேண்டும். மாத்திரை எழுதி, உறையின் மேல் மலையாளத்தில் விளக்கமும் எழுதிக் கொடுப்பார்கள். இறங்கி வந்த பிறகு அந்த உறையை யார் படிப்பது? இங்கே ஏற்கெனவே கம்பம் அரசு ஆஸ்பத்திரியிலோ தேனி கானாவிலக்கு மெடிக்கல் காலேஜிலோ வாங்கின மாத்திரை வீட்டில் இருக்கிறது. அட்டை வேறு நிறம், பேர் வேறு, மாத்திரை வடிவம் வேறு. நோயாளியைப் பொறுத்தவரை இது கேரள மாத்திரை, அது கவர்மெண்ட் மாத்திரை, ரெண்டும் நல்லதுதானே, ரெண்டையும் போடுவோம். உள்ளே இருப்பது ஒரே கிளிமிபிரைடு என்று அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இங்கிலீஷில் இருக்கும். ஒரே மருந்தை இரட்டிப்பாகப் போட்டுத் தாழ்சர்க்கரையில் விழுந்து, மறுபடி கேரள ஆஸ்பத்திரிக்கே போன ஒருவரை எனக்குத் தெரியும். அங்கே மூன்றாவதாக ஒரு சீட்டு.

இதற்கு எங்கள் கடையில் ஒரே வழிதான். வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரையையும், காலி அட்டை உட்பட, ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்து வரச் சொல்வேன். கவுண்டரில் கொட்டிப் பிரிப்போம். கஷாயம், லேகியம், யாரோ கொடுத்த பேர் தெரியாத பொடி, மகனுடைய அலர்ஜி மாத்திரை, காலாவதியானது, எல்லாம் வரும். ஒரே மருந்து ரெண்டு பேரில் இருந்தால் ஒன்றைத் தனியாக எடுத்து ரப்பர் பேண்டு போட்டு, "இத டாக்டர்ட்டக் காட்டாமப் போடாதீங்க" என்று சொல்லி, டாக்டருக்கு மருந்தின் மூலப் பெயரை எழுதிக் கொடுப்பேன். படிக்கத் தெரியாதவர்களுக்கு அட்டையின் மேல் மார்க்கரில் சூரியனும் நிலாவும். பத்து மணிச் சோத்துக்கான மாத்திரைக்கு நான் தூக்குவாளி வரைவேன், என் படம் குண்டான் மாதிரி இருக்கிறது என்று கேலி செய்வார்கள், ஆனால் மறப்பதில்லை. வரைந்து முடித்ததும் "இப்ப நீங்க எனக்குச் சொல்லுங்க, எதை எப்பப் போடுவீங்க" என்று திருப்பிக் கேட்பேன். எனக்குப் புரியவில்லை, நீங்கள் விளக்குங்கள் என்கிற தோரணையில் கேட்கவேண்டும். வாத்தியார் மாதிரிக் கேட்டால் அடுத்த மாசம் வேறு கடைக்குப் போய்விடுவார்கள்.

எல்லை இருந்தால் எல்லை மூடுவதும் இருக்கும். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சனையில் குமுளிப் பாதை நின்றுபோனது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் இடுக்கிப் பக்கம் ரோடே சரிந்தது. 2020-ல் கொரோனா வந்து பாஸ் இருந்தால்தான் செக்போஸ்ட் தாண்டலாம் என்று ஆனது. மேலே தோட்டத்து லயத்திலேயே, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டிலேயே, தங்கி வேலை பார்க்கிற நம்ம ஜனங்கள் ஒவ்வொரு தடவையும் கீழே இருக்கிற மாத்திரைக்காகக் காத்துக் கிடந்தார்கள். ஒரு மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டு நாளை ஓட்டினார்கள், வலிப்பு மாத்திரையைக்கூட. வலிப்புக்கான மருந்து ரெண்டு நாள் விட்டுப் போனாலே மறுபடி வலிப்பு வரக்கூடும். ஆகவே மேலே தங்குகிறவர்களிடம் நான் கெஞ்சாத குறையாகச் சொல்வது, ரெண்டு வாரத்து மாத்திரையைத் தனிக் கவரில் போட்டு, உள்ளே சீட்டின் ஜெராக்ஸும் வைத்து, ரேஷன் கார்டு இருக்கிற இடத்தில் வையுங்கள், பழசை எடுத்துப் போட்டுவிட்டுப் புதுசை வையுங்கள். இன்சுலின் போடுகிறவர்களுக்கு மட்டும் யோசனை வேறு. பிரிக்காத பாட்டிலை ஃப்ரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கவேண்டும், ஃப்ரீசரில் போய் உறைந்துவிட்டால் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான். பிரித்து உபயோகத்தில் இருக்கிறதை வெயில் படாத சாதாரண அறை வெப்பத்தில் ஏறக்குறைய நாலு வாரம் வைத்துக்கொள்ளலாம். மலையில் அந்தக் குளிருக்கு அது கஷ்டமே இல்லை, கீழே கம்பத்துச் சித்திரை வெயிலில்தான் ஈர மணல் போட்ட மண்பானை தேவைப்படும்.

காசைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது. சனிக்கிழமை சம்பளம், ஆகவே சனிக்கிழமை ராத்திரி கடையில் கூட்டம். வெள்ளிக்கிழமைக்குள் மாத்திரை தீர்ந்திருக்கும், அது "மறந்துட்டேன்" என்று பதிவாகும். முப்பது மாத்திரை எழுதியிருந்தால் பத்து வாங்குவார்கள், அதிலும் மூணு மருந்தில் ரெண்டை. எதை விடுவது என்று அவர்களே தேர்ந்தெடுப்பார்கள், விலை அதிகமானதைத்தான். அந்த நேரத்தில் என் முதலாளி இதைப் படிக்க மாட்டார் என்ற தைரியத்தில் சொல்கிறேன், அரசு ஆஸ்பத்திரியில் சும்மா கிடைக்கிறது, போய் வாங்குங்கள் என்று நானே அனுப்பியிருக்கிறேன். 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி தொடங்கின மக்களைத் தேடி மருத்துவத்தில் சுகர், பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டு வந்து கொடுக்கிறார்கள். 2025 பிப்ரவரியிலிருந்து முதல்வர் மருந்தகமும் வந்திருக்கிறது, வெளிக்கடையைவிட விலை குறைவு. நல்ல திட்டங்கள்தான், எனக்கு ஒரே குறை, வீடு தேடி வருகிற தன்னார்வலர் அக்கா பகலில் வருகிறார், நோயாளி மலையில் இருக்கிறார். பக்கத்து வீட்டுப் பாட்டி நாலு வீட்டு மாத்திரையையும் சேர்த்து வாங்கி வைக்கும், சாயங்காலம் யாருடையது எது என்று ஒரு பஞ்சாயத்து நடக்கும். ஜீப் இறங்குகிற நேரத்தில் ஸ்டாண்டிலேயே வைத்துக் கொடுத்தால் எவ்வளவோ நன்றாக இருக்கும் என்று நினைப்பதுண்டு. யாராவது அதிகாரி இதைப் படித்தால் யோசிக்கட்டும்.

குடிக்கிறவர்கள் விஷயத்தில் நான் உபதேசம் செய்வதில்லை. ஆனால் "சரக்கு போட்ட அன்னைக்கு மாத்திரை போடக்கூடாதுல்ல?" என்று கேட்டுவிட்டு, தினமும் சரக்கு போடுகிறவருக்கு என்ன சொல்வது? மாத்திரை அவருக்கு நிரந்தர லீவில் இருக்கிறது. வெறும் வயிற்றில் குடித்துவிட்டு சுகர் மாத்திரை போட்டால் தாழ்சர்க்கரை ஆபத்து என்பது உண்மை, மெட்ஃபார்மினுக்கும் அளவுக்கு மீறின குடிக்கும் ஆகாது என்பதும் உண்மை. அதற்காக எல்லா மாத்திரையையும் தானாக நிறுத்துவதைவிட, இவ்வளவு குடிக்கிறேன் என்று டாக்டரிடம் நிஜத்தைச் சொன்னால் அதற்கேற்ற மருந்தைத் தேட அவருக்கு வழி இருக்கும். மனைவியைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள், அப்போதுதான் நிஜம் வெளியே வரும்.

நோன்பு காலம் கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் பெரிய விஷயம். ராவுத்தர் வீட்டுப் பெரியவர்கள் டாக்டரே வேண்டாம் என்றாலும் நோன்பை விட மாட்டார்கள், அதனால் "விடுங்கள்" என்று சொல்வதில் அர்த்தமில்லை. ரமலானுக்கு ஒரு மாசம் முன்பே டாக்டரைப் பார்த்து, காலை மாத்திரையில் எதை இஃப்தாருக்கு மாற்றுவது, எதன் அளவைக் குறைப்பது என்று பேசிவிட்டால் போதும். விரலில் குத்தி சுகர் பார்த்தால் நோன்பு முறியாது என்றுதான் ஆலிம்கள் பெரும்பாலும் சொல்கிறார்கள், சுகர் 70-க்குக் கீழே இறங்கினால் அன்றைக்கு முறித்துவிடவும் வேண்டும். சபரிமலை சீசனில் மாலை போட்டவர்கள் ஒருவேளைச் சாப்பாட்டுக்கு மாறிவிட்டு மாத்திரையை ரெண்டு வேளையும் போடுகிறார்கள். அங்கேயும் இதே கேள்விதான், சாப்பாடு எப்போது, மாத்திரை எப்போது.

டெஸ்டுக்கு மூணு நாள் முன்பிருந்து மாத்திரையை ஒழுங்காகப் போட்டு, சோத்தைக் குறைத்து, வெறும் வயிற்று சுகரை நல்லபடியாகக் காட்டிவிடுகிற கெட்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. மூணு மாச டெஸ்ட் என்று ஒன்று இருக்கிறது, ஏமாற்ற முடியாது, கடந்த ரெண்டு மூணு மாசத்து சராசரியைச் சொல்லிவிடும். நான் அதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. விட்டுப்போன நாட்களை டாக்டரிடம் நீங்களே சொல்லிவிட்டால் வீணாக டோஸ் ஏறாது.

கடைசியாக, போனில் அதிகம் பேர் கேட்பது: விட்டுப்போன மாத்திரையை என்ன செய்வது? பொதுவாக ஞாபகம் வந்ததும் போடலாம், அடுத்த வேளைக்கு நேரம் நெருங்கிவிட்டால் விட்டதை விட்டுவிட்டு அடுத்ததை மட்டும் போடுங்கள், ரெண்டையும் சேர்த்துப் போடாதீர்கள். கிளிமிபிரைடு மாதிரியானதைச் சாப்பாடு இல்லாமல் ராத்திரி ஈடுகட்டுகிறேன் என்று போடவே கூடாது. இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தவர்கள் ரத்தம் உறையாமல் இருக்கப் போடுகிற மாத்திரை, வலிப்பு மாத்திரை, இன்சுலின் இவை விட்டுப்போனால் நீங்களாக முடிவெடுக்காமல் உங்கள் டாக்டரையோ மருந்து வாங்கின கடையையோ கேளுங்கள். எங்கள் கடை ராத்திரி ஒன்பதரை வரைக்கும் திறந்திருக்கும், ஜீப் லேட்டானால் ஷட்டரைப் பாதி இறக்கி வைத்திருப்போம், தட்டுங்கள்.